அனுபவ பாத்தியம்

தேன்கனிக்கோட்டை சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
என் மேஜைக்கு இடப்பக்கம் சென்னபசப்பா மேஜை.
நான் முத்திரைத்தாள் விற்பேன். அவர் பத்திரம் எழுதுவார்.
பகலெல்லாம் தமிழ்:
சுத்தக் கிரய சாசனம் யாதெனில்,
மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை.
ஐந்து மணிக்கு மேல்
அடித்தல் திருத்தல் விழுந்த நகல்களைத் திருப்பிப்போட்டு
வெள்ளைப் பக்கத்தில் கன்னடம்.
ஏழு நாடகம் அப்படி எழுதினார்.
எனக்கு அந்த எழுத்து
பட்டாணி கொட்டிக் கிடப்பது போலிருக்கும்.

மைசூரில் முதல் நாடகம் போட்டபோது
வசனத்தில் தமிழ் வாடை என்றார்களாம்.
இங்கே ஒரு தாசில்தார்
தமிழ்நாட்டுச் சோறு தின்றுவிட்டுக் கன்னடமா என்றார்.
இரண்டு பேருக்கும் ஒரே பதில்:
'நான்கெல்லை சொல்லுங்க சாமி,
அளந்து எழுதிடறேன்.'

என் வீடு கைமாறியதும் அதே மேஜையில்தான்.
புருஷன் பட்ட கடன்.
பேரேட்டில் அவர் பேரை நானே எழுதி
தாளை நானே எண்ணிக் கொடுத்தேன்.
ரோஜாத் தோட்டக்காரர் கேட்டார், 'சாவி எப்பம்மா?'
சொன்னேன்:
'வாசல் தெளிச்ச தண்ணி காயட்டும்,
அப்புறம் போறேன்.'
பேனா ஒரு நொடி நின்றதைப் பார்த்தேன்.
மை தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து
தளி பள்ளிக்கூட மைதானத்தில் ஆறாவது நாடகம்.
மார்கழிப் பனி. குல்லாவும் கம்பளியுமாய் ஜனம்.
நாடு இழந்த ராணி மேடையில் நிற்கிறாள்.
ஜவளகிரிக் காட்டிலிருந்து ஒற்றை யானை
ராகிக் கொல்லைக்கு வந்திருக்கிறது என்று
வாச்சர் ஓடிவந்து விளக்கை அணைக்கச் சொன்னார்,
மைக்கையும்.
இருட்டில், வெறும் தொண்டையில், ராணி சொன்னாள்:
'அங்களத நீரு ஆரலி,
ஆமேலெ ஹோக்தீனி.'
யாரும் இருமவில்லை.
யானைகூட நின்றிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.
எனக்குக் கன்னடம் அரைகுறை.
அந்த வரி மட்டும்
முழுசாய்ப் புரிந்தது.

மறுநாள் காலை கடை விரிக்கும் முன்னே கேட்டேன்,
'யாரைக் கேட்டு எடுத்தீங்க?'
மறுக்கவில்லை அவர்.
என்னிடமே இருபது ரூபாய்த் தாள் வாங்கி
மத்தியானத்துக்குள் எழுதி நீட்டினார்:
மாரண்டஹள்ளி குப்பாண்டி மகள் வேடியம்மாள்
தனக்குப் பாத்தியப்பட்ட ஒரு வாக்கியத்தை
ரூபாய் ஆயிரத்துக்குக் கிரயம் செய்வது.
கிழக்கே பூட்டிய கதவு,
மேற்கே ரோஜாத் தோட்டம்,
வடக்கே சாட்சிக் கையெழுத்து,
தெற்கே நீங்கள் சொல்லாமல் விட்டது.
இதற்கு உட்பட்டது.

படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்.
கையெழுத்துப் போடவில்லை.
நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன்,
தாளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆட்சேபம் இல்லாமல் பன்னிரண்டு வருஷம்
ஒருவன் ஆண்டு அனுபவித்தால்
அனுபவ பாத்தியம் வந்துவிடும்,
இது அவரே கட்சிக்காரர்களுக்குச் சொல்வது.
அதனால் வருஷம் தவறாமல் போகிறேன்,
குப்பத்தில், கனகபுராவில், போன மாசம் ஓசூரில்.
ராணி வாயைத் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால்
முன்வரிசையிலிருந்து
மெதுவாகத் தமிழில் சொல்லிவிடுவேன்.
அது என் ஆட்சேபம்.
பக்கத்துச் சீட்டுக்காரர் முறைப்பார்.
சென்னபசப்பா ஓரத்தில் நின்று தலையாட்டுவார்,
நோட்டீஸ் கிடைத்தது என்பது போல.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும்.
நான் சொன்னது காயட்டும்.
அவர் எழுதியது ஆரலி.
கன்னடத்தில் ஈரம் உலர்வதற்கும் அதே சொல்தானாம்.
என் காதில் விழும்போது
ஆறுவது தண்ணீர் இல்லை.
என் இடத்தில்
என்னைக் கேட்காமல் அவர் நட்டது அது.
பிடுங்கச் சொல்லி இதுவரை
நான் கேட்கவில்லை.